2312 பெரிதா, 11 பெரிதா?

நீர், காற்று போன்றவற்றின் ஓட்டத்தைக் கணக்கிடும் ஓப்பன்ஃபோம் மென்பொருளை நிறுவப் போகிறவர் முதலில் கேட்க வேண்டியது "எது புதிய வெர்ஷன்?" என்பதல்ல, "எந்தக் கிளை?" என்பதுதான். எனக்கு இது புரிய ஒரு வார இறுதி முழுவதும் போனது.

நண்பர் ஒருவர் குழாய் வளைவில் நீர் ஓடுவதைக் கணக்கிடும் கேஸ் (ஒரு கணக்குக்கான ஃபைல்கள் அடங்கிய ஃபோல்டர்) ஒன்றை அனுப்பியிருந்தார். ஓப்பன்ஃபோம் 11இல் செய்தது என்றார். தேடும்போது வி2312 கண்ணில் பட்டது. 11ஐவிடப் புதியது, கேஸ் ஓடாமலா போகும் என்று அதையே நிறுவினேன். நிறுவியதில் ஒரு சிக்கலும் இல்லை. கேஸை ஓட்ட டெர்மினலில் ஃபோம்ரன் என்று அடித்தால், அப்படி ஒரு கட்டளையே இல்லை என்றது. சரி, சிம்பிள்ஃபோம் சால்வரை (ஓட்டச் சமன்பாடுகளைத் தீர்க்கும் நிரல்) ஓட்டிப் பார்ப்போம் என்றால், கான்ஸ்டன்ட் ஃபோல்டரில் டிரான்ஸ்போர்ட்பிராப்பர்ட்டீஸ் என்ற ஃபைல் இல்லை என்று நின்றுவிட்டது. நண்பர் அனுப்பியதில் இருந்ததோ ஃபிசிக்கல்பிராப்பர்ட்டீஸ். நீரின் பாகுநிலை அதற்குள்தான் இருந்தது. ஆனால் இந்தக் கிளை அந்தப் பெயரில் தேடாது.

2004இல் திறந்த மூலமாக வெளிவந்த நிரல் ஒன்றுதான். இன்று அதற்கு முக்கியமாக இரண்டு கிளைகள். ஓப்பன்ஃபோம் பவுண்டேஷன் என்ற அமைப்பு வெளியிடுவது 9, 10, 11 என்று எண்ணிக்கையில் போகும். ஓப்பன்சிஎஃப்டி என்ற நிறுவனம் வெளியிடுவதில் எண்ணே தேதி: வி2312 என்றால் 2023 டிசம்பர், வி2406 என்றால் 2024 ஜூன். ஆண்டுக்கு இரண்டு முறை. 11 வந்ததும் 2023இல்தான். ஆக இரண்டும் ஏறக்குறைய ஒரே வயது. ஒன்று மற்றொன்றின் அடுத்த படி அல்ல. 11இல் தனித்தனி சால்வர்களின் இடத்தில் ஃபோம்ரன் வந்தது. வி2312இல் சிம்பிள்ஃபோம் அப்படியே இருக்கிறது. (ஃபோம்-எக்ஸ்டெண்ட் என்று மூன்றாவது கிளையும் உண்டு, அதற்கு எண் வரிசையே தனி.)

இப்போது யாராவது கேஸ் அனுப்பினால் முதலில் அதன் ஓட்ட அமைப்புகள் இருக்கும் கன்ட்ரோல்டிக்ட் ஃபைலைத் திறந்து தலைப்புப் பெட்டியைப் பார்க்கிறேன். பெரும்பாலும் வெர்ஷனும் இணைய முகவரியும் அங்கேயே இருக்கும். முகவரி முடிவது ஓஆர்ஜி என்றால் பவுண்டேஷன், காம் என்றால் ஓப்பன்சிஎஃப்டி. அதற்குக் கீழே சில ஃபைல்களில் "வெர்ஷன் 2.0" என்று ஒரு வரி வரும். அது ஃபைல் வடிவத்தின் எண், மென்பொருளுடையது அல்ல. அதை நம்பி 2.0ஐத் தேடி இறங்கிவிடாதீர்கள்.

இரண்டையும் ஒரே உபுண்டுவில் வைத்துக்கொள்ளலாம். ஆனால் டெர்மினல் திறக்கும்போதெல்லாம் ஓடும் பேஷ்ஆர்சி ஃபைலில் இரண்டையும் அழைக்கும் சோர்ஸ் வரிகளைப் போட்டுவிட்டால் பாதைகள் ஒன்றோடொன்று கலந்து, எந்தக் கட்டளை எந்தக் கிளையிலிருந்து வருகிறது என்றே தெரியாது. நான் ஒவ்வொன்றுக்கும் ஓர் ஏலியஸ் (சுருக்கப் பெயர்க் கட்டளை) வைத்திருக்கிறேன். புது டெர்மினல் திறந்து, தேவையானதை மட்டும் அழைத்து, வெர்ஷன் எண் இருக்கும் டபிள்யூஎம்_புராஜெக்ட்_வெர்ஷன் மாறியை எக்கோ கட்டளையால் காட்டச் செய்து பார்ப்பேன். 11 என்று வந்த டெர்மினலில்தான் அந்தக் குழாய் வளைவு கடைசியில் ஓடியது.