அவனை வீட்டுக்கு அனுப்ப 11 மாதம் ஆனது

கென்யாவில் நைவாஷா ஏரியைச் சுற்றியுள்ள ரோஜாப் பண்ணைகளில் நம்மூர் ஆட்கள் கணிசமாக இருக்கிறார்கள். ஓசூர் பக்கம் பசுமைக்குடிலில் ரோஜா வளர்த்துப் பழகியவர்களை இங்கே விரும்பி எடுப்பார்கள். என் கணவரும் அப்படி வந்தவர்தான். நான் வேறொரு பண்ணையில் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். பொங்கல், தீபாவளிக்கு ஒன்றுகூடும் ஏழு குடும்பங்கள் சேர்ந்து, நைவாஷா ஊருக்குள் இருக்கும் ஒரு குழந்தைகள் இல்லத்துக்கு நான்கு வருடமாக உதவி வந்தோம். எங்களைத் தவிர ஐரோப்பாவிலிருந்து ஒரு தேவாலயக் குழுவும், நகுரு நகரத்தில் கடை வைத்திருக்கும் ஒரு குஜராத்திக் குடும்பமும் பணம் அனுப்புவார்கள்.

“ஆப்பிரிக்காவில் ஒரு இல்லத்துக்கு உதவணும், எப்படி?” என்று ஊரிலிருந்து நிறையப் பேர் கேட்கிறார்கள். அதனால் எங்களுக்கு நடந்ததை, ஒரு பையனை அவன் அம்மாவிடமே திருப்பி அனுப்பிய கதையோடு எழுதுகிறேன். இல்லத்தின் பெயரோ பிள்ளைகளின் பெயரோ இதில் வராது.

முதல் இரண்டு வருடம் எல்லோரும் செய்வதைத்தான் நாங்களும் செய்தோம். எங்கள் பிள்ளைகளின் பிறந்தநாள் வந்தால் ஒரு மூட்டை அரிசி, மக்காச்சோள மாவு, எண்ணெய், சோப்பு வாங்கிக்கொண்டு போவோம். கேக் வெட்டுவோம். வண்டி நின்றதுமே சின்னதுகள் ஓடிவந்து காலைக் கட்டிக்கொள்ளும், மடியில் ஏறி உட்காரும், கிளம்பும்போது விடாது. “என்ன பாசம் பாருங்க!” என்று கண் கலங்கித் திரும்புவோம். எடுத்த போட்டோக்களை அன்று இரவே ஊரில் இருக்கும் சொந்தக்காரர்களுக்கு அனுப்பிவிடுவோம்.

மூன்றாம் வருடம் இல்லத்துக்குப் புதிதாக ஒரு சமூகப் பணியாளர் வந்தார். நாங்கள் அவரை மேடம் என்றுதான் கூப்பிடுவோம். வந்த முதல் மாதமே, இனி பிள்ளைகளை போட்டோ எடுக்க வேண்டாம் என்றார். எங்களுக்குக் கொஞ்சம் சுருக்கென்றுதான் இருந்தது. என் மடியில் இருந்த நான்கு வயதுப் பெண்ணைக் காட்டி அவர் கேட்டார்: “உங்கள் பையன் நாலு வயதில் முன்பின் தெரியாதவர் மடியில் இப்படிப் போய் உட்காருவானா?”

மாட்டான். யாராவது வந்தால் என் பின்னால் ஒளிந்துகொண்டு துப்பட்டாவைப் பிடித்து இழுத்துக்கொண்டிருப்பான். இவள் எல்லோரிடமும் போகிறாள். தனக்கென்று ஓர் ஆள் இல்லாததால்தான் வருகிறவர்களிடமெல்லாம் ஒட்டிக்கொள்கிறாள் என்று மேடம் சொன்னார். அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. நான்கு மாதத்துக்கு ஒருமுறை வந்து, ஒட்டவிட்டு, பிய்த்துக்கொண்டு போகிற கூட்டத்தில் நாங்களும்தானே இருந்திருக்கிறோம்!

சும்மா வந்துபோவதை விட்டுவிட்டு, ஏதாவது வேலை இருந்தால் கொடுங்கள் என்று கேட்டேன். பிள்ளைகள் இருக்கும் இடத்தில் தொடர்ந்து வேலை செய்வதானால் போலீஸ் நற்சான்றிதழ் வேண்டும் என்றார். இங்கே அதற்கு அரசின் இ-சிட்டிசன் தளத்தில் விண்ணப்பித்து 1,050 ஷில்லிங் கட்டி, சி-24 என்ற படிவத்தை எடுத்துக்கொண்டு போய் பத்து விரல் ரேகையும் கொடுக்க வேண்டும். ஒரே தாளில் முன்னும் பின்னுமாக அச்செடுக்கச் சொல்லியிருந்ததை நான் கவனிக்காமல் இரண்டு தாளாகக் கொண்டுபோய்விட்டேன். நகுரு வரை மட்டாட்டு என்ற சிற்றுந்தில் போய்த் திரும்பி, மறுவாரம் மறுபடி போனேன். மை போக இரண்டு நாள் ஆனது. சான்றிதழ் வந்த பிறகு, இல்லத்தின் குழந்தைப் பாதுகாப்பு விதிகளில் கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள். இதையெல்லாம் கேட்காமல் “வாங்க வாங்க, பிள்ளைகளோட விளையாடுங்க” என்று திறந்துவிடும் இல்லமாக இருந்தால், அங்கே உங்கள் பணத்தையும் கொடுக்காதீர்கள் என்பேன்.

எனக்குக் கிடைத்தது கோப்பு அடுக்கும் வேலை. அலுவலகத்தில் ஓர் இரும்பு பீரோ. அதில் 41 பிள்ளைகளின் கோப்புகள். எல்லாவற்றையும் கணினியில் ஏற்ற வேண்டும். ஜனவரி மாதச் சனிக்கிழமைகள் முழுக்க அதிலேயே போயின.

அநாதைப் பிள்ளைகள் என்றுதான் நான்கு வருடமாக நினைத்திருந்தேன். 41 கோப்புகளில் 29-ல் அம்மா, அப்பா, பாட்டி, அத்தை என்று யாராவது ஒருவரின் பெயர் இருந்தது. சிலவற்றில் போன் நம்பர்கூட இருந்தது. “வேலை செய்யுமிடம்” என்ற கட்டத்தில் எட்டுக் கோப்புகளில் ஏதோ ஒரு பூப்பண்ணையின் பெயர். அதில் ஒன்று நான் சம்பளக் கணக்குப் போடும் பண்ணை. அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேனோ தெரியாது. அந்தப் பெண்ணின் பணியாளர் எண் எனக்குப் பழக்கமான எண். மாதாமாதம் என் கண்முன் போய்க்கொண்டிருந்தது.

அவள் பையனுக்கு அப்போது எட்டு வயது. இல்லத்துக்கு வந்தபோது நான்கு. அம்மா மேற்குக் கென்யாவில் ககமேகா பக்கத்திலிருந்து வேலை தேடி வந்தவள். ஏரியின் தெற்குச் சாலையில் உள்ள கராகிடாவில், பூப்பண்ணைத் தொழிலாளர்கள் நெருக்கியடித்து வாழும் இடத்தில், ஒற்றைத் தகர அறையில் குடியிருந்தாள். புருஷன் விட்டுவிட்டுப் போய்விட்டான். பூ தரம் பிரிக்கும் கூடத்தில் வேலை. காதலர் தினத்துக்கு முந்தின வாரங்களில் வீடு திரும்ப இரவு ஒன்பதாகிவிடும். பையனைப் பார்த்துக்கொண்டிருந்த பக்கத்து வீட்டுப் பெண் ஊருக்குப் போன வாரத்தில் அவன் தனியாகப் பெரிய சாலைக்கு வந்துவிட்டான். யாரோ பிடித்து போலீசில் ஒப்படைத்தார்கள். அங்கிருந்து நீதிமன்றம், அங்கிருந்து இல்லம். தற்காலிகமாக என்றுதான் உத்தரவில் இருந்தது.

மேடம் சட்டத்தை விளக்கினார். கென்யாவில் புதிய இல்லங்களைப் பதிவு செய்வதை 2017 நவம்பரிலேயே அரசு நிறுத்திவிட்டது. 2022-ல் வந்த குழந்தைகள் சட்டம், இல்லத்தில் சேர்ப்பதை வேறு வழியே இல்லாதபோது மட்டும் செய்யச் சொல்கிறது. அதே வருடம், 2032 வரை பத்தாண்டுத் திட்டம் ஒன்றும் போட்டார்கள். இல்லங்களில் இருக்கும் பிள்ளைகளைப் படிப்படியாகக் குடும்பங்களுக்குக் கொண்டுசேர்ப்பது, முடியாதவர்களை உறவினர் வீட்டிலோ வளர்ப்புக் குடும்பத்திலோ வைப்பது, இல்லங்கள் வேறு சேவைக்கு மாறுவது. “சட்டம் வந்துவிட்டது. பணம் மட்டும் இன்னும் கட்டிலுக்கே வருகிறது” என்றார் மேடம்.

அது எங்களைத்தான் குறித்தது. ஐரோப்பியக் குழுவும் நாங்களும் சேர்ந்து புதிய படுக்கைக் கூடம் கட்ட 12 லட்சம் ஷில்லிங் சேர்த்து வைத்திருந்தோம்.

நான் கணக்குக்காரி. வரவுசெலவுப் புத்தகத்தை எடுத்துக் கூட்டிப் பார்த்தேன். சம்பளம், வாடகை, சாப்பாடு எல்லாம் சேர்த்து ஒரு பிள்ளைக்கு இல்லத்தில் மாதம் ஆகும் செலவு, அந்த அம்மா மாதம் முழுக்க நின்றுகொண்டே சம்பாதிக்கும் பணத்தை நெருங்கியது. அவளுக்குத் தேவைப்பட்டதோ ஒரு கதவுள்ள நல்ல அறையும், பள்ளிவிட்ட பிறகு பையனைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆளும்தான்.

கட்டடப் பணத்தைப் பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பச் செலவிடலாம் என்று கொடையாளர்களிடம் சொன்ன கூட்டம்தான் மொத்தத்திலும் கஷ்டமானது. போலீஸ், நீதிமன்றம் எல்லாம் கஷ்டத்தில் அதற்கு அடுத்ததுதான். கட்டடம் என்றால் அதில் பெயர்ப்பலகை வைக்கலாம், வந்து பார்க்கலாம். வாடகைக்கும் பேருந்துக் கட்டணத்துக்கும் பெயர்ப்பலகை கிடையாது. எங்கள் ஏழு குடும்பத்தில் இரண்டு விலகிக்கொண்டார்கள். “பிள்ளைங்க இல்லாத இல்லத்துக்கு நாம ஏன் பணம் கொடுக்கணும்?” என்று ஓர் அண்ணா கோபமாகவே கேட்டார். அவர் மேல் எனக்கு வருத்தமில்லை. பிள்ளைகளைப் பார்த்துவிட்டு வந்த அன்றைக்கு அவர் வீட்டில் சாப்பாடு இறங்காது, அப்படிப்பட்ட மனிதர். குஜராத்திப் பெரியவர்தான் முதலில் ஒத்துக்கொண்டார். தன் தாத்தா கப்பலேறி வந்தபோது அப்பாவை ஊரில் விட்டுவிட்டு வந்தார், பத்து வருடம் கழித்துத்தான் கூப்பிட்டுக்கொண்டார் என்று மட்டும் சொன்னார். வேறு விளக்கம் கேட்கவில்லை.

அப்புறம் வேலை தொடங்கியது. துணை மாவட்டக் குழந்தைகள் நல அதிகாரிக்குக் கடிதம் போனது. அம்மாவைத் தேடிக் கண்டுபிடிக்கும் வேலை எனக்கு இல்லை, எண் தெரியும். ஆனால் நான் அவளிடம் பேசக் கூடாது என்று மேடம் கண்டிப்பாகச் சொன்னார். சம்பளம் போடும் இடத்திலிருந்து ஒருத்தி வந்து பிள்ளையைப் பற்றிப் பேசினால் அவளால் மாட்டேன் என்று சொல்ல முடியுமா? அந்த நியாயம் எனக்குத் தோன்றவே இல்லை. மேடம் போய்ப் பேசினார். முதல் வருடம் அவள் மாதாமாதம் வந்து பார்த்திருக்கிறாள். நீங்கள் வந்துபோனால் பையன் இரண்டு நாள் அழுகிறான், அடிக்கடி வர வேண்டாம் என்று அப்போதிருந்த யாரோ சொல்லியிருக்கிறார்கள். அதோடு நின்றுவிட்டாள்.

பிறப்புச் சான்றிதழ் இல்லாமல் பள்ளிப் பதிவு நகராது. கோப்பில் “பிறப்பு ஆவணம் இல்லை” என்று எழுதியிருந்தது. ஒரு வருடமாகும் என்று பயந்தோம். மேடம் அம்மாவிடம் கேட்டதும், பைபிளுக்குள்ளிருந்து ஒரு பாலித்தீன் உறையை எடுத்தாளாம். உள்ளே எட்டாக மடித்த, மருத்துவமனை கொடுத்த பிறப்பு அறிவிப்புச் சீட்டு. மடிப்பு மடிப்பாகக் கிழிந்து, பின்பக்கம் டேப் ஒட்டி வைத்திருக்கிறாள். நான்கு வருடமாக அவளிடம் யாரும் கேட்கவில்லை.

அதை வைத்துச் சான்றிதழ் வாங்கவே நான்கு மாதம் ஆனது. சீஃப் எனப்படும் உள்ளூர் நிர்வாக அதிகாரியின் அலுவலகக் கடிதம், வீடு பார்த்து அறிக்கை, அக்கம்பக்கத்தாரிடம் விசாரணை, பையனிடம் தனியாகப் பேச்சு எனப் பலதும் நடந்தன. பணத்தில் முதலில் செய்தது, கதவும் சிமென்ட் தரையும் உள்ள அறைக்கு அவளை மாற்றியது. வாடகையில் பாதியை ஒரு வருடத்துக்கு எம்-பெசா என்ற கைபேசிப் பணச் சேவையில் நேராக அவளுக்கே அனுப்புவது என்று முடிவானது.

அடுத்து இல்லத்திலேயே சந்திப்பு. பிறகு ஒரு பகல், பிறகு ஒரு ராத்திரி. ஆகஸ்ட் விடுமுறையில் ஒரு வாரம். அந்த வாரத்தின் மூன்றாம் நாள் மேடத்தோடு நானும் போனேன். அதற்குள் அம்மாவே என்னை வரச் சொல்லியிருந்தாள். பத்துக்குப் பத்து அறை, நடுவே பூப்போட்ட திரை, மூலையில் மஞ்சள் ஜெர்ரிகேன். 20 லிட்டர் தண்ணீரை விலைக்கு வாங்கி வைத்திருந்தாள். பையன் வெயிலில் விளையாடிவிட்டு வந்தான். ஜெர்ரிகேனுக்கு இரண்டடி தள்ளி, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றான். “நவோம்பா மாஜி” என்றான். தண்ணீர் தரும்படி கேட்டுக்கொள்கிறேன் என்று அர்த்தம். அம்மா டம்ளரை நீட்டாமல் அவனையே பார்த்தாள். “உன் வீடுடா, எடுத்துக் குடி” என்று சுவாஹிலியில் சொன்னாள். அவன் நகரவில்லை. மேடம் முகத்தைப் பார்த்தான். மேடம் தலையாட்டிய பிறகுதான் டம்ளரைத் தொட்டான். இல்லத்தில் எதற்கும் மணி உண்டு, வரிசை உண்டு. அடி, திட்டு எதுவும் இல்லை, நல்லவர்கள்தான் நடத்தினார்கள். இருந்தும் எட்டு வயதுப் பிள்ளைக்குச் சொந்த வீட்டில் தண்ணீர் எடுக்கக் கை வரவில்லை.

டிசம்பர் முதல் வாரத்தில் நீதிமன்ற உத்தரவு வந்தது. இங்கே மாமா என்றால் அம்மா. உத்தரவை வாங்கிக்கொண்டு வெளியே வந்ததும் அவன் “மாமா” என்று அவள் கையைப் பிடித்தான். நம் காதுக்கு அது வேறு மாதிரி கேட்கும், ஆனால் எனக்கு இப்போது அந்தச் சொல் அம்மாவேதான்.

அனுப்பியதோடு வேலை முடியவில்லை. முதல் மூன்று மாதம் வாராவாரம், பிறகு மாதாமாதம் மேடம் போய்ப் பார்க்கிறார். அவர் சம்பளமும் போக்குவரத்துச் செலவும்தான் இப்போது எங்கள் பெரிய செலவு. கட்டப்போன கூடத்துக்குப் பதில், இருக்கும் ஒரு கூடத்தையே பகல் காப்பகமாக மாற்றியிருக்கிறோம். பண்ணைக்குப் போகும் அம்மாக்கள் காலையில் விட்டு, வேலை முடிந்து கூட்டிப் போகிறார்கள். பூ சீசனில் இரவு ஒன்பதரை வரை திறந்திருக்கும்.

மார்ச்சில் அந்த அம்மா மேடத்துக்கு போன் செய்து குறைபட்டிருக்கிறாள். பையன் எதிர்த்துப் பேசுகிறானாம், சொன்ன நேரத்துக்கு வீட்டுக்கு வருவதில்லையாம், சர்க்கரையை எடுத்துத் தின்றுவிடுகிறானாம். மேடம் சிரித்துக்கொண்டே என்னிடம் சொல்லிவிட்டு, அதைத் தேதி போட்டுக் கோப்பில் எழுதினார்.

இதுவரை 13 பிள்ளைகள் போயிருக்கிறார்கள். ஒருத்தி திரும்பி வந்தாள். சித்தப்பா வீட்டில் அவளைப் பள்ளிக்கு அனுப்பாமல் வேலைக்கு வைத்துக்கொண்டார்கள். கண்காணிப்புக்குப் போனதால் ஆறாவது வாரமே தெரிந்தது. அவளுக்கு வளர்ப்புக் குடும்பம் தேடுகிறோம். என் மடியில் உட்கார்ந்த அந்தப் பெண் இன்னும் இல்லத்தில்தான் இருக்கிறாள். அவள் கோப்பில் ஒரு பாட்டியின் பெயரும், கில்கில் என்ற ஊர்ப் பெயரும் மட்டும் இருக்கின்றன. வரும் வியாழக்கிழமை மேடம் அங்கே போகிறார். பேருந்துக் கட்டணம் எங்கள் கணக்கில்.