முகம் தெரியும், குரல் தெரியாது: தொடரில் நடித்துக்கொண்டே பாட்காஸ்ட் தொடங்கிய அனுபவம்

தினமும் ஒளிபரப்பாகும் தொடர் ஒன்றில் பல வருடங்களாக நடித்து வருகிறேன். என் முகம் நிறையப் பேருக்குத் தெரியும், குரல் தெரியாது. எனக்கு டப்பிங் பேசுவது ஓர் அக்கா. படப்பிடிப்பில் உதவி இயக்குநர் வசனத்தை எடுத்துக்கொடுக்கக் கொடுக்க நான் நடிப்பேன். தினசரித் தொடரின் வேகத்துக்கு இந்த முறை தேவைதான். இருந்தாலும் என் வார்த்தையை என் குரலில் பேச ஓர் இடம் வேண்டும் என்ற ஆசை வளர்ந்துகொண்டே இருந்தது. அதுதான் பாட்காஸ்ட் என்ற இணைய ஒலி நிகழ்ச்சியில் கொண்டுவந்து விட்டது. சக நடிகர்கள் சிலர் எப்படி ஆரம்பிப்பது என்று கேட்கிறார்கள், அவர்களுக்காக எழுதுகிறேன்.

மைக் வாங்கும் முன் உங்கள் ஒப்பந்தத்தை எடுத்து முழுசாகப் படியுங்கள். தொடர் ஓடும்வரை வேறு ஊடகத்தில் நிகழ்ச்சி நடத்த எழுத்தில் அனுமதி வாங்க வேண்டும் என்று என்னுடையதில் இருந்தது. தயாரிப்பாளரிடம் போனபோது ‘ஆஃபீஸ் லேடீஸ்’ பாட்காஸ்டை உதாரணம் காட்டினேன். அமெரிக்கத் தொடரான ‘தி ஆஃபீஸ்’-இல் நடித்த ஜென்னா ஃபிஷரும் ஏஞ்சலா கின்ஸியும் 2019இல் தொடங்கி, அந்தத் தொடரின் எபிசோடுகளை ஒவ்வொன்றாகப் பேசியது அது. “அந்தத் தொடர் 2013லேயே முடிஞ்சுபோச்சும்மா. நம்மது ஓடிக்கிட்டிருக்கு, கதை வெளியே போயிடும்” என்றார். அவர் சொன்னது நியாயம். அதனால் தொடரின் கதையைப் பேசுவதில்லை, கதாபாத்திரத்தின் பெயரையும் உடையையும் விளம்பரத்தில் பயன்படுத்துவதில்லை, கால்ஷீட் கொடுத்த நாளில் பதிவு வைப்பதில்லை என்று எழுதிக்கொடுத்து அனுமதி வாங்கினேன். பதிவுகளின் உரிமை என்னுடையது என்ற ஒரு வரியையும் அதிலேயே சேர்க்கச் சொன்னேன்.

உரிமை என்றதும் ஆர்எஸ்எஸ் ஃபீட் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். ஒலிக்கோப்பு ஒரு சர்வரில் இருக்கும். அது எங்கே இருக்கிறது, தலைப்பு என்ன, எப்போது வெளியானது என்ற விவரமெல்லாம் ஃபீட் என்ற சின்னக் கோப்பில் இருக்கும். செயலிகள் அதைப் படித்துத்தான் புது எபிசோடை நேயர்களிடம் கொண்டுபோகின்றன. ஆப்பிள் 2005 ஜூனில் ஐட்யூன்ஸில் பாட்காஸ்டைச் சேர்த்த காலத்திலிருந்து அடிப்படை இதுதான். ஃபீட் யார் கையில் இருக்கிறதோ, நேயர்களும் அவர்கள் கையில். எல்லாச் செலவையும் ஏற்கிறோம், ஃபீட் மட்டும் எங்கள் பெயரில் இருக்கட்டும் என்று ஒரு நிறுவனம் கேட்டது. ஆசையாகத்தான் இருந்தது, ஆனாலும் மறுத்துவிட்டேன். ஃபீட் நம்முடையதாக இருந்தால், சேவை பிடிக்காதபோது வேறு இடத்துக்கு மாற்றி, பழைய முகவரியிலிருந்து புதியதற்குத் திருப்பிவிடலாம். நேயர்கள் கூடவே வந்துவிடுவார்கள்.

ஒலி விஷயத்தில் எங்கள் செட்டின் ஒலிப்பதிவாளர் உதவினார். எதிரொலிக்கும் அறையில், சுற்றியுள்ள சின்னச் சத்தத்தையும் பிடிக்கும் கண்டென்சர் மைக் வேண்டாம், பக்கத்துச் சத்தத்தையே அதிகம் பிடிக்கும் டைனமிக் மைக்கை வாய்க்குப் பக்கத்தில், கொஞ்சம் சாய்த்து வை என்றார். சாய்த்தால் ‘ப’ வரும்போது காற்று நேராக மைக்கில் மோதாது. திரைச்சீலையும் துணி நிறைந்த அலமாரியும் அறையின் எதிரொலியை நன்றாகவே குறைத்தன. சத்த அளவிலும் டிவி பழக்கம் உதவாது. ஐரோப்பியத் தொலைக்காட்சித் தரம் மைனஸ் 23 எல்யுஎஃப்எஸ் (சத்தத்தை அளக்கும் அலகு, பூஜ்யத்தை நெருங்க நெருங்கச் சத்தம் கூடும்). பாட்காஸ்டுக்கு ஆப்பிள் பரிந்துரைப்பது மைனஸ் 16 அளவில். நடந்துகொண்டும் பயணத்திலும் கேட்பவர்களுக்கு அந்தக் கூடுதல் சத்தம் வேண்டியிருக்கிறது.

முதல் விருந்தினராக டப்பிங் அக்காவையே கூப்பிட்டேன். இத்தனை வருடத்தில் நாங்கள் உட்கார்ந்து பேசியதே இல்லை. “உன் உதட்டைவிட மூச்சைத்தான் பார்ப்பேன். நீ எங்கே மூச்சு எடுக்கிறியோ அங்கேதான் நானும் எடுக்கணும்” என்றார். என் மூச்சு இவ்வளவு தெரிந்த ஒருவர் உலகத்தில் இருக்கிறார் என்பதே எனக்குப் புதுச் செய்தி. அதற்குமேல் எனக்குப் பேச்சு வரவில்லை. அவரும் சும்மா இருந்தார். அப்புறம் அவராகவே, நான் அழும் காட்சி ஒன்றைப் பேசிய நாளில் தன் வீட்டில் நடந்த ஒரு துக்கத்தைச் சொன்னார். படப்பிடிப்பில் எதிரில் இருப்பவர் நிறுத்தினால் அடுத்த வசனம் என்னுடையது. அதே பழக்கத்தில் குறுக்கே பேசியிருந்தால் அந்தப் பேச்சு வந்திருக்காது. தொகுக்கும்போது அந்த மௌனத்தை வெட்டவில்லை. வெளியிடும் முன் அக்காவுக்குப் போட்டுக்காட்டி, இருக்கட்டுமா என்று கேட்டேன். இருக்கட்டும் என்றார்.

என் குரலைத் திரும்பக் கேட்பது முதலில் கஷ்டமாக இருந்தது. பேசும்போது நம் குரல் எலும்பு வழியாகவும் காதுக்குப் போவதால் கனமாகக் கேட்கும், பதிவில் அந்தக் கனம் இருக்காது. நேயர்கள் சிலர் ‘உங்கள் நிஜக் குரல் எங்கே’ என்று கேட்டார்கள். வருத்தமாகத்தான் இருந்தது. ஆனால் நான்கைந்து எபிசோடு கேட்டவர்கள் யாரும் அதற்கப்புறம் கேட்கவில்லை.

பாட்காஸ்டைக் கேட்டுவிட்டு ஒரு வெப் தொடரின் இயக்குநர் அழைத்தார். படப்பிடிப்பிலேயே ஒலிப்பதிவு, டப்பிங் கிடையாது, பேசுவது நான்தான். அதன் ஒப்பந்தம் இப்போது மேஜையில் இருக்கிறது. பாட்காஸ்ட் பற்றிய பத்தியை இந்த முறை நானே எழுதி அனுப்பியிருக்கிறேன். பதில் வந்ததும் கையெழுத்துப் போடுவேன்.