செலாடாங்கும் ஜாவாப் புலியும்: வெள்ளி நாணயம் சோதித்து வாங்கிய அனுபவம்

மலேசியா 1976இல் வெளியிட்ட வனவிலங்கு நாணயங்கள் மொத்தம் மூன்று. 15 ரிங்கிட்டில் செலாடாங் காட்டெருது, 25 ரிங்கிட்டில் சரவாக்கின் மாநிலப் பறவையான கென்யாலாங் இருவாட்சி, 500 ரிங்கிட்டில் தாப்பிர் என்ற காட்டு விலங்கு. கடைசியாகச் சொன்னது தங்கம், அது நம் கைக்கு எட்டாது. வெள்ளி இரண்டையும் சேர்ப்போம் என்று இறங்கினேன். தேடத் தேடத்தான் பின்னணி புரிந்தது. 1970களில் உலக வனவிலங்கு நிதியமும் ஐயுசிஎன் என்ற பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு அமைப்பும் சேர்ந்து நடத்திய திட்டம் இது. நேபாளம், இந்தோனேசியா, தாய்லாந்து, பாகிஸ்தான், மொரிஷியஸ் எனப் பல நாடுகள் இதே பாணியில் இரண்டு வெள்ளி, ஒரு தங்கம் என வெளியிட்டிருக்கின்றன.

பெட்டாலிங் ஜெயா அம்கார்ப் மால் ஞாயிறு சந்தையில் பழைய நாணயக்காரர்கள் உட்கார்ந்திருப்பார்கள். காலையிலேயே போய்விடுவது நல்லது. நான் கையில் எடுத்துப் போவது மூன்றே பொருள்: 0.01 கிராம் வரை காட்டும் நகைத் தராசு, விட்டம் அளக்க வெர்னியர் காலிப்பர், பூதக்கண்ணாடி. இந்தத் தொடரின் 925 வெள்ளி (ஆயிரத்தில் 925 பங்கு சுத்த வெள்ளி) நாணயங்களில் சின்னது 28.28 கிராம், விட்டம் 38.6 மில்லிமீட்டர். பெரியது 35 கிராம், 42 மில்லிமீட்டர். எடை போட்டால் கோபித்துக்கொள்ளும் வியாபாரியிடம் நான் வாங்குவதில்லை. நல்லவர்கள் அவர்களே தராசை எடுத்து வைப்பார்கள்.

செலாடாங் சரியான எடையில் கிடைத்துவிட்டது. பக்கத்துத் தட்டில் இந்தோனேசியாவின் 1974 ஜாவாப் புலி, 2000 ருப்பியா நாணயம் கிடந்தது. எடை போட்டால் 25 கிராமைச் சுற்றித்தான் காட்டியது. "லேசா இருக்கே, பாஸ்?" என்றேன். அந்தச் சீனப் பெரியவர் சிரித்துக்கொண்டே, "இது 500 தர வெள்ளி, பாஸ். ப்ரூஃப் மட்டும்தான் 925" என்றார். விஷயம் அதேதான். கண்ணாடி போல் பளபளக்கும் ப்ரூஃப் நாணயத்தை 925 வெள்ளியிலும், சாதாரண அச்சைப் பாதி வெள்ளி, பாதி செம்பிலும் அடித்திருக்கிறார்கள். செம்பு லேசானது என்பதால் எடை குறைகிறது. போலி என்று ஒதுக்கவும் வேண்டாம், 925 விலை கொடுக்கவும் வேண்டாம். 28.28 கிராம் நாணயத்தில் சுத்த வெள்ளி 26 கிராமுக்குச் சற்று மேல். இந்த லேசான புலியில் அதில் பாதிதான். இணையத்தில் இரண்டையும் ஒரே விலைக்குப் போடுகிறவர்கள் உண்டு, பார்த்து வாங்குங்கள்.

முலாம் பூசிய போலி பயம் இருந்தால் வீட்டிலேயே அடர்த்தி பார்க்கலாம். தராசின் மேல் ஒரு தம்ளர் தண்ணீரை வைத்து அளவைப் பூஜ்யமாக்குங்கள். நாணயத்தை மெல்லிய நூலில் கட்டி, தம்ளரின் அடியையும் ஓரத்தையும் தொடாமல் முழுக்க மூழ்க விடுங்கள். தராசு காட்டும் எண்ணால் நாணயத்தின் எடையை வகுத்தால் அடர்த்தி வந்துவிடும். 28.28 கிராம் 925 வெள்ளிக்குத் தராசு 2.73 காட்ட வேண்டும், அதாவது 10.36. பாதி வெள்ளிக்கு 9.7க்குச் சற்றுக் கீழே வரும். விளிம்பு வரிகளில் காற்றுக் குமிழி ஒட்டியிருந்தால் கணக்கு தப்பும், லேசாகத் தட்டி விடுங்கள். ஆனால் ப்ரூஃப் நாணயத்துக்கு இந்தச் சோதனையே கூடாது. நூலும் துணியும் பட்டால் அந்தக் கண்ணாடிப் பரப்பில் மெல்லிய கீறல் விழும், விலை அங்கேயே இறங்கிவிடும். அதற்கு எடையும் விட்டமும் பார்த்தால் போதும்.

இருவாட்சி தபாலில் வந்தது. எடை சரி, ஆனால் மேலே பச்சையாக ஒரு பிசுக்கு. விற்றவர் பல வருடம் மலிவான பிவிசி உறையில் வைத்திருந்திருக்கிறார். அந்த பிளாஸ்டிக்தான் இப்படிக் கசியும். சுத்தமான அசிட்டோனில் கொஞ்ச நேரம் ஊறவிட்டேன், தேய்க்கவில்லை, பிசுக்கு போய்விட்டது. நகப்பூச்சு நீக்கி வேண்டாம், அதில் எண்ணெயும் வாசனையும் கலந்திருக்கும். அம்மா விபூதியை எடுத்துக்கொண்டு வந்தார். குத்துவிளக்குக்குச் சரி, நாணயத்தை விபூதியால் தேய்த்தால் சேகரிப்பாளர் யாரும் அப்புறம் தொடமாட்டார்.

புலியை வாங்கினேனா? வாங்கினேன், பாதி வெள்ளிக்குரிய விலையில். கிழக்கு ஜாவாவின் மேரு பெத்திரிக் காட்டில் 1970களில் மிஞ்சியிருந்த சில புலிகளுக்குப் பின் அந்த இனம் அழிந்துபோனது. நாணயம் வந்தது ஏறக்குறைய அதே காலத்தில். மொரிஷியஸின் 1975ஆம் ஆண்டு 50 ரூபாய் நாணயத்தில் இருக்கும் வல்லூறோ எதிர்க்கதை. 1974இல் காட்டில் நான்கே நான்கு தெரிந்தன. கூண்டில் வளர்த்து விட்டதில் இன்று நூற்றுக்கணக்கில் பறக்கின்றன. அடுத்து அதைத்தான் தேடுகிறேன். ஒருவர் ப்ரூஃப் என்று சொல்லி வைத்திருக்கிறார். தராசில் வைத்துப் படம் அனுப்பச் சொல்லியிருக்கிறேன்.