அங்கே போயும் பூவா?

நெதர்லாந்தில் நான் வேலை செய்யும் தோட்டத்தில், சிவப்புத் துலிப் பூக்கள் நன்றாக விரிந்து வயல் முழுவதும் ஒரே நிறமாக நின்றிருந்த ஓர் ஏப்ரல் காலையில், முதலாளி ஓர் இயந்திரத்தை ஓட்டிவந்து அத்தனை பூக்களின் தலையையும் அறுத்துக்கொண்டே போனார். அறுந்த பூக்கள் பாத்திகளுக்கு நடுவே விழுந்து கிடந்தன. யாரும் அவற்றைத் திரும்பிப் பார்க்கவில்லை. இயந்திரத்துக்குத் தப்பியவற்றைக் கையால் கிள்ளிப் போடுவது அன்று எனக்கு இட்ட வேலை. எனக்குக் கை எழவில்லை. மல்லிகை மொட்டு ஒன்று பாய்க்கு அடியில் உருண்டுவிட்டாலும் தேடி எடுத்துச் சரத்தில் சேர்க்கிற வீட்டில் வளர்ந்தவள் நான். திருவொற்றியூர் தியாகராஜர் கோயில் சன்னதித் தெருவில் பூக்கட்டி விற்றவளின் மகள்.

அன்று மாலை அம்மாவிடம் சொன்னபோது, “இன்னாடி சொல்ற, பூவை வெட்டிக் கீழயா போடுறாங்க?” என்று அலைபேசிக்குள்ளேயே எழுந்து நின்றுவிட்டாள். காரணத்தை விளக்கினேன். பூ வாடி விதை கட்டத் தொடங்கினால் செடியின் சத்து அங்கே போய்விடும். தலையை அறுத்துவிட்டால், இலைகள் சேர்க்கும் சத்து அவ்வளவும் மண்ணுக்குள் இருக்கும் கிழங்குக்கு இறங்கும். இங்கே சரக்கு என்பது கிழங்குதான். பூ விரிகிற வரை விட்டுவைப்பது, இனம் கலந்திருக்கிறதா, நோய் தொற்றியிருக்கிறதா என்று பார்ப்பதற்காக. நம் பாட்டுக் காட்சிகளில் கதாநாயகனும் கதாநாயகியும் ஓடிவருகிற வயல்களில் பலவும் கிழங்கு வயல்களே என்று சொன்னால் ஊரில் யாரும் நம்ப மறுக்கிறார்கள்.

இதழில் கீற்றுக் கீற்றாக நிறம் சிதறிய பூவைக் கண்டால் செடியைக் கிழங்கோடு பிடுங்கிவிட வேண்டும். அசுவினிப் பூச்சி பரப்பும் வைரஸ் நோய் அது. 1630களில் இதே நாட்டில், இத்தகைய கீற்றுப்பூக் கிழங்கு ஒன்று ஒரு வீட்டின் விலைக்கும் போயிருக்கிறது. 1637 பிப்ரவரியில் அந்தச் சந்தை விழுந்தது. அன்றைய சீமான்கள் சொத்தாக நினைத்ததை இன்று நான் சாக்கில் போட்டுக் குப்பைக்கு அனுப்புகிறேன்.

கணவரின் வேலை நிமித்தம் நாங்கள் நெதர்லாந்தின் லெய்டன் நகருக்கு வந்தோம். அங்கிருந்து வடக்கே ஹார்லெம் வரை, வடகடலின் மணல்மேடுகளுக்குப் பின்னால் நீண்டு கிடப்பதுதான் கிழங்குப் பூ வட்டாரம். முதன்முதலில் அந்த வயலில் குனிந்து மண்ணை அள்ளியபோது, அது மண்ணாக இல்லாமல் கடற்கரை மணலாக விரலிடுக்கில் வழிந்ததில் எனக்கு உண்டான மகிழ்ச்சியை இங்கே ஒருவருக்கும் விளக்க முடியவில்லை. எங்கள் ஊரில் கடல் கரையை அரித்துக்கொண்டே இருக்கும். கருங்கல்லைக் கொட்டித் தடுப்பார்கள். அடுத்த மழைக்காலத்தில் கடல் வேறோர் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். இங்கேயோ மணல்தான் செல்வம். தண்ணீர் தேங்காததால் கிழங்கு அழுகுவதில்லை; வயலைச் சுற்றிய வாய்க்கால்களில் நீர்மட்டத்தை ஆண்டு முழுவதும் அளந்து வைத்திருக்கிறார்கள். பக்கிங்காம் கால்வாயின் கரையில் மூக்கைப் பொத்திக்கொண்டு பள்ளிக்கூடம் போனவளுக்கு, தெளிந்த வாய்க்காலைப் பார்த்தாலே சற்றுப் பொறாமையாக இருக்கிறது.

அக்டோபர், நவம்பரில் நடுகிறோம். பனி கடுமையாகும் முன் வைக்கோலைப் பரப்பி மூடுகிறோம். கிழங்குக்கு மூன்று மாதம் நல்ல குளிர் வேண்டும். குளிர் படாவிட்டால் பூந்தண்டு சரியாக எழும்பாது. அம்மா ஆசையாகக் கேட்டபோது, திருவொற்றியூரில் வைப்பதானால் குளிர்பெட்டியில் மூன்று மாதம் வைத்திருக்க வேண்டும் என்றேன். “மாவு வைக்கவே எடம் இல்ல” என்று அந்தப் பேச்சு முடிந்தது. கோடையில் தோண்டி எடுத்த கிழங்குகளைக் கொட்டகையில் தரம் பிரிக்கும்போது, ஹையசிந்த் என்னும் வாசனைப் பூச்செடியின் கிழங்குத் தோலின் தூசி பட்டுக் கை நமநமவென்று அரிக்கும். கருணைக்கிழங்கை நறுக்கியது போலவே இருக்கும். இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான், கால்சியம் ஆக்சலேட் என்னும் ஊசிப் படிகங்கள். நான் வீட்டிலிருந்து புளி கொண்டுபோய்க் கரைத்துக் கைகழுவியதை, உடன் வேலை செய்யும் போலந்துப் பெண்கள் சூனியம் வைப்பவளைப் பார்ப்பது போலப் பார்த்தார்கள்.

இத்தனைக்கும் கூலி வசந்தத்தில் கிடைக்கிறது. பிப்ரவரியில் குரோக்கஸ் தரையைத் துளைத்துக்கொண்டு வரும், மார்ச்சில் டாஃபடில், அதன்பின் ஹையசிந்த் பூத்து, சைக்கிளில் போகிறவர் மூக்கில் வாசனை முட்டும், அதையடுத்துத் துலிப். மார்ச் கடைசி ஞாயிறன்று கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளிவைக்கிறார்கள், மாலை நீண்டுவிடுகிறது. நேற்று பச்சையாக விட்டுவந்த பாத்தி இன்று மஞ்சளாக நிற்கும்போது, முதுகுவலி இருப்பதே மறந்துபோகிறது. திருமணத்துக்கு முன் பாரிமுனையில் கணக்கெழுதிய அலுவலகத்தில் நான் கடிகாரத்தைப் பார்த்த அளவுக்குப் பேரேட்டைப் பார்த்ததில்லை. இங்கே போகும் நேரம் வந்தும் போக மனமில்லாமல் இன்னொரு வரிசை களை எடுக்கிறேன்.

ஊரில் கேட்பவர்களிடம் எல்லாம் பழகிவிட்டது என்றுதான் சொல்கிறேன். எதிர்காற்றில் சைக்கிள் மிதிக்கிறேன். மதியத்துக்கு ரொட்டியும் பாலாடைக்கட்டியும் தின்கிறேன். வெயில் வந்தால் இவர்களைப் போலவே நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடுகிறேன். ஆனால் குளிர் விட்டு முதல் வெதுவெதுப்பான காற்று தெற்கிலிருந்து வீசுகிற நாளில், சுந்தரரின் நினைவு வராமல் போவதில்லை. எங்கள் கோயில் மகிழமரத்தடியில், உன்னைப் பிரியேன் என்று சங்கிலியாருக்குச் சத்தியம் செய்து கொடுத்தவர் அவர். தென்றல் வந்து தொட்டதும் திருவாரூர் வசந்த விழா நினைவுக்கு வர, ஒற்றியூர் எல்லையைத் தாண்டினார், கண்பார்வை போயிற்று. மாசி உற்சவத்தில் மகிழடி சேவை பார்க்கும் சிறுமியாக நான் சங்கிலியார் கட்சி. ஒரு காற்றுக்காகவா பெண்டாட்டியை விட்டுப் போவார்கள் என்று அவர்மேல் கோபமாக இருக்கும். இப்போது அந்தக் கோபம் பாதிதான் மிச்சமிருக்கிறது. விடியற்காலையில் உதிர்ந்து கிடக்கும் மகிழம்பூவைப் பாவாடையில் பொறுக்கிவந்து, நடுத்துளையில் நூலைக் கோத்து வைத்தால், காய்ந்து பழுப்பான பிறகும் புத்தகப் பையெல்லாம் மணக்கும். துலிப்புக்கு அத்தனை அழகிருந்தும் பெரும்பாலும் வாசனை இல்லை.

ஒரு மனத்தாங்கல் மட்டும் ஆறவில்லை. நான் செய்யும் வேலையை அம்மா ஊரில் சொல்வதில்லை. கம்பெனியில் வேலை என்று சொல்லிவைத்திருக்கிறாள். எப்படியோ தெரிந்துகொண்ட அத்தை, “பி.காம். படிக்க வெச்சது இதுக்கா? அங்க போயும் பூவா?” என்று கேட்டுவிட்டார். அம்மாவின் பக்கமும் எனக்குத் தெரியும். விடிவதற்குள் பூக்கடை பத்ரியன் தெருவுக்குப் போய் உதிரிப்பூ வாங்கி, சந்தை மாறியபின் கோயம்பேட்டுக்கு அலைந்து, வாழைநார் அறுத்த விரல்களோடு கட்டி விற்ற முழங்கள்தாம் என் கல்லூரிக் கட்டணம். மகள் நாற்காலியில் உட்கார வேண்டும் என்பதற்காக அவள் நடைபாதையில் உட்கார்ந்தாள். இருந்தாலும் எனக்கு வேறொன்றும் நினைவிருக்கிறது. பங்குனி, சித்திரையில் மல்லிகை மலிந்து விலை விழும்போது அவள் வாய் புலம்பும். கை மட்டும் மற்ற மாதங்களைவிட வேகமாகக் கட்டும், விற்காமல் நின்ற பூ அவ்வளவும் எங்கள் தலையில் ஏறும். பூவின்மேல் எனக்கு வந்த பைத்தியம் அந்தத் திண்ணையில் பிடித்தது என்று சொன்னால் அவள் பேச்சை மாற்றிவிடுகிறாள்.

ஏப்ரலில் ஒரு சனிக்கிழமை நோர்ட்வைக்கிலிருந்து ஹார்லெம் வரை சுமார் 40 கிலோமீட்டருக்குப் பூ ஊர்வலம் போகும். அந்த நாட்களில் இந்த வட்டாரத்தில் காரின் முகப்பில் ஹையசிந்த் மாலை சாற்றிக்கொள்ளும் வழக்கம் உண்டு. ஆயுதபூஜை மறுநாள் திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் நிற்பதாகவே தோன்றும். ஒவ்வொரு பூவாக ஊசியில் கோத்துக்கொண்டிருந்தவர்களிடம் நூலை வாங்கி, நம் முறையில் இரண்டிரண்டாக வைத்துக் கட்டிக் காட்டினேன். காம்பு குட்டை, சதை அதிகம். இறுக்கினால் நசுங்கும், விட்டால் நழுவும். ஆனாலும் முதலாளியின் மனைவி நாற்காலியை இழுத்துப்போட்டுக் கற்றுக்கொள்ள உட்கார்ந்தார். காணொளியில் அதைப் பார்த்த அம்மா சரத்தை அருகில் காட்டச் சொன்னாள்.

“கட்டு நெருக்கமாவே இல்ல. நாளைக்கு வரைக்கும் தாங்குமா? முழம் எவ்ளோ சொல்றாங்க?”

முழக்கணக்கு இல்லை, கார்க்கணக்கு என்றேன். சிரித்தாள். ஒரு காருக்கு எத்தனை முழம் ஆகும், கூலி தனியா, நார் அவர்களுடையதா என்று வியாபாரம் முழுவதையும் விசாரித்து முடித்துவிட்டு, “சரி, அத்தைகிட்ட இதெல்லாம் சொல்லி வெக்காத” என்றாள்.