புதிய கெக்கோவுக்கு 90 நாட்கள்

பெரம்பூரில் எங்கள் வீட்டில் ஒன்பது லெபர்ட் கெக்கோக்கள் (செல்லமாக வளர்க்கப்படும் ஒரு பல்லி வகை) வாழ்கின்றன. பத்தாவது சென்ற வாரம் வந்தது. அது மற்றவை இருக்கும் கூடத்துக்குள் இன்னும் நுழையவில்லை. சமையலறையை ஒட்டிய ஸ்டோர் ரூமில், செய்தித்தாள் விரித்த ஒரு தனி டப்பாவில், குறைந்தது 90 நாட்கள் இருக்கப்போகிறது.

இந்தக் கண்டிப்பு எனக்குத் தொடக்கத்தில் இருந்ததில்லை. சில ஆண்டுகளுக்கு முன் வாங்கி வந்த ஒரு குட்டி மறுநாளே ஆர்வமாக இரையெடுத்தது. கண்கள் தெளிவாகவும் வால் ஓரளவு பருத்தும் இருந்ததால், இரண்டே வாரத்தில் அதை மற்றவற்றின் அடுக்கில் வைத்துவிட்டேன். இரண்டு மாதங்களில் அது தின்றுகொண்டே இளைத்தது, எச்சம் நீர்த்தது, வால் குச்சியாகிவிட்டது. அடுத்து, ஐந்து ஆண்டுகளாக என்னிடம் வளர்ந்த பெண் கெக்கோவின் வாலும் மெலியத் தொடங்கியது. இரண்டையும் இழந்தேன். கிரிப்டோஸ்போரிடியம் என்றது பரிசோதனை முடிவு.

பல்லிகளின் குடலைத் தாக்கும் இந்த ஒட்டுண்ணியை முழுமையாக ஒழிக்கும் நம்பகமான மருந்து இதுவரை இல்லை. வெளியில் நலமாகத் தெரியும் கெக்கோகூட இதைச் சுமந்திருக்கலாம். எச்சத்தில் இது வெளியேறுவதும் விட்டுவிட்டுத்தான் நடக்கும். ஆகவே ஒருமுறை 'இல்லை' என்று வந்த முடிவை நம்பிவிடக் கூடாது. எச்சத்தில் வெளியேறும் இதன் முட்டைக்கூடுகள் (உறைக்குள் இருக்கும் ஒட்டுண்ணி வடிவங்கள்) மிகச் சிறியவை. வழக்கமான எச்சப் பரிசோதனையில் எளிதாகத் தப்பிவிடும். அதனால் ஊர்வனவற்றை அறிந்த கால்நடை மருத்துவரிடம் கிரிப்டோஸ்போரிடியத்தின் பெயரைச் சொல்லியே சோதிக்கக் கேட்க வேண்டும்; ஒட்டுண்ணியின் மரபணுவைத் தேடும் பிசிஆர் சோதனைக்கு வாய்ப்பிருந்தால் இன்னும் நல்லது. நான் சில வார இடைவெளியில் மூன்று மாதிரிகள் கொடுக்கிறேன். குடற்புழுக்களும், காக்சிடியா என்னும் வேறு குடல் ஒட்டுண்ணிகளும் இதே வழியில் தெரியவரும். அவற்றுக்கு மருந்து உண்டு.

தனி அறை கிடைத்துவிட்டால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். என் அனுபவத்தில் நோயைச் சுமந்து சென்றவை என் கைகளும் இடுக்கியும்தான். அன்று ஒரே இடுக்கியால் எல்லாவற்றுக்கும் இரை கொடுத்தேன். புதியது தின்னாமல் விட்ட கிரிக்கெட் பூச்சிகளை எடுத்துப் பழையவற்றுக்குப் போட்டேன். அதுதான் என் பெரும் பிழை. இப்போது ஸ்டோர் ரூமுக்கென்று தனி இடுக்கி, தனித் தண்ணீர்க் கிண்ணம், தனித் துணி இருக்கின்றன. பழைய கெக்கோக்களின் வேலைகள் எல்லாம் முடிந்த பிறகே புதியதிடம் போகிறேன். பிறகு சோப்பால் கை கழுவி, சட்டையையும் மாற்றிக்கொள்கிறேன். மிஞ்சும் பூச்சி எதுவும் அந்த அறையைவிட்டு உயிரோடு வெளியே வருவதில்லை.

வீட்டில் நாம் பயன்படுத்தும் பிளீச்சிங் கரைசல் அந்த முட்டைக்கூடுகளைக் கொல்லாது. கொதிக்கும் நீர் கொல்லும். ஆகவே கிண்ணங்களையும் உலோக இடுக்கியையும் அழுக்கு போகத் தேய்த்துக் கழுவிய பின், அடுப்பில் நீரைக் கொதிக்க வைத்து அதிலேயே சில நிமிடங்கள் போட்டு வைக்கிறேன்.

வாரம் ஒருமுறை, ஒரே கிழமையில், கிராம் காட்டும் சிறிய தராசில் எடை பார்த்து நோட்டில் குறிக்கிறேன். கண்ணுக்கு வால் மெலிவது தெரியும் முன்பே எடை அதைச் சொல்லிவிடும். சென்னைக் குளிரைக் குறைவாக மதிப்பிட வேண்டாம்: மார்கழி இரவுகளில் வெப்பம் 20 டிகிரி அளவுக்கு இறங்கும்போது, தொட்டியின் சூடான பக்கத்தில் 31 முதல் 33 டிகிரி இல்லையென்றால், நலமான கெக்கோவும் இரையை மறுக்கும். எனவே நோய் என்று பதறுவதற்கு முன் வெப்பமானியைப் பார்க்கிறேன்.

இன்னொன்றைப் பலர் கவனிப்பதில்லை. நம் சுவர்ப் பல்லிகள் விளக்கடியில் பூச்சி பிடித்துவிட்டு இரு அறைகளுக்கும் தாராளமாகப் போய்வருகின்றன. தப்பியோடிய கிரிக்கெட்டுகளைத் தின்று, டப்பாக்களின் மேல் எச்சமும் இடுகின்றன. அவையும் ஒட்டுண்ணிகளைச் சுமக்கக்கூடியவை. ஆகவே டப்பாவின் காற்றுத் துளைகளுக்கு நுண்வலை ஒட்டி, ஸ்டோர் ரூம் கதவின் அடியிடைவெளியை ரப்பர் பட்டையால் அடைத்திருக்கிறேன்.

இந்த நாட்களுக்குள் இன்னொரு புதிய கெக்கோ அதே அறைக்கு வந்தால், இரண்டுக்கும் 90 நாள் கணக்கு மீண்டும் முதல் நாளிலிருந்துதான்.