வலை கரை சேர எத்தனை இழுப்பு?

தங்கச்சிமடத்தில் எங்கள் வீட்டுத் திண்ணைக்குச் சாயங்காலம் பத்துப் பிள்ளைகள் படிக்க வருவார்கள், எல்லாம் ஆறாவது ஏழாவது. போன மீன்பிடித் தடைக்காலத்தில், ஏப்ரல் 15 தொடங்கி ஜூன் 14 வரை அந்த 61 நாளும் விசைப்படகுகள் கரையில் கிடக்க, பிள்ளைகளுக்கும் நடுவில் கோடை விடுமுறை வர, எண் வரிசைகளைக் கதையாகச் சொல்லிப் பார்ப்போம் என்று ஆரம்பித்தேன்.

அதற்கு முன்னால் போர்டில் 2, 4, 8, 16 என்று எழுதி அடுத்தது என்ன என்பேன். 32 என்று கத்துவார்கள். அந்த 32 வராவிட்டால் யாருக்கும் எந்த நஷ்டமும் இல்லை. இதே பிள்ளைகளிடம் விசைப்படகு எந்தெந்த நாளில் கடலுக்குப் போகும் என்று கேளுங்கள். திங்கள், புதன், சனி. இடைவெளி 2, 3, 2, திரும்ப 2, 3, 2. யாரும் உட்கார்ந்து சொல்லித்தரவில்லை. வீட்டில் காசு புழங்குவது அந்த வரிசையை நம்பித்தான் என்பதால் தானாக மனதில் நிற்கிறது. கதையிலும் அப்படி ஒன்று வேண்டும், எண் தெரியாவிட்டால் கதை நகரக்கூடாது.

சரி, கதை இதுதான். ஒரு தாத்தா கரைவலை இழுக்கிறார். ஒவ்வொரு இழுப்புக்கும் ஒரு அம்பாப் பாட்டு, மீனவர்கள் வலை இழுக்கும்போது பாடுவது. அந்த வலைக்கு ஒரு பிடிவாதம், ஒருதடவை கேட்ட தாளம் திரும்ப வந்தால் நகராது. தாளம் கட்ட இரண்டே ஓசைதான்: 'த' குறில், ஒரு மாத்திரை, 'தா' நெடில், இரண்டு மாத்திரை. வலை கரை சேர 13 இழுப்பு வேண்டும். பாட்டு எத்தனை மாத்திரை நீளம் இருந்தால் 13 தாளம் கிடைக்கும்?

பாடிப் பார்த்தார்கள். ஒரு மாத்திரையில் ஒன்று. இரண்டில் தத, தா. மூன்றில் ததத, தாத, ததா. 1, 2, 3 வந்ததும், "அப்ப நாலுக்கு நாலு, 13க்கு 13 மாத்திரை" என்று ஒரு பையன் முடித்தே விட்டான். நான் வாயைத் திறக்கவில்லை. தததத, தாதத, ததாத, தததா என்று எழுதிக்கொண்டே வந்தவன் 'தாதா'வில் வந்து நின்றான். ஐந்து! அந்த முகத்தை இன்னும் மறக்கவில்லை. போர்டில் தப்பு என்று நான் பெருக்கல் குறி போட்டிருந்தால் அந்த ஐந்து அவனுடையதாக இருந்திருக்காது.

காரணத்துக்கும் கதைக்குள்ளேயே வழி இருந்தது. "கடைசி ஓசை என்னவாக இருக்கும்?" என்று மட்டும் கேட்டேன். 'த' என்றால் அதற்கு முன்னால் இருப்பது மூன்று மாத்திரைத் தாளம், அது 3 வகை. 'தா' என்றால் முன்னால் இரண்டு மாத்திரை, அது 2 வகை. அதனால்தான் 5. அப்புறம் 8, அப்புறம் 13. ஆறு மாத்திரையில் வலை கரைக்கு வந்துவிட்டது, திண்ணையில் ஒரே கைதட்டல்.

இதை ஃபிபொனாச்சி வரிசை என்கிறோம், இத்தாலிக்காரர் 1202இல் முயல் கணக்காக எழுதியது. ஆனால் நம் நாட்டில் யாப்புக் கணக்கு போட்ட விரஹாங்கரும், 12ஆம் நூற்றாண்டில் ஹேமச்சந்திரரும் அவருக்கு முன்பே குறில் நெடிலை எண்ணியே இதற்கு வந்துவிட்டார்கள். இதைச் சொன்னபோது பிள்ளைகளுக்கு ஆச்சரியமே இல்லை. தாளத்தை எண்ணினால் வேறு என்ன வரும் என்பதுபோல் பார்த்தார்கள்.

மறுநாள் ஒரு சிறுமி கேட்டாள்: "அக்கா, அம்பாப் பாட்டுல 'தாஅ'ன்னு இன்னும் இழுப்பாங்களே, அளபெடை மாதிரி மூணு மாத்திரை, அதையும் சேர்த்தா?" எனக்கே தோன்றாத கேள்வி. எல்லாரும் சேர்ந்து எண்ணினோம்: 1, 2, 4, 7. ஐந்து மாத்திரைக்கு எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போய்விட்டது. இருட்டில் செருப்பைத் தேடிக்கொண்டே, "முந்தின மூணையும் கூட்டணும்க்கா, 13" என்று சொல்லிவிட்டுப் போனாள்.