கொம்புக்கு இடம் விடாத பையன்

நீடாமங்கலம் பக்கம் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் நான் தமிழாசிரியை. என் மாணவன் ஒருவனுக்கு, அறிவு இருந்தும் வாசிப்பிலும் எழுத்திலும் தடுமாற வைக்கும் கற்றல் குறைபாட்டுக்கான சான்று வாங்கி, பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் சலுகை கிடைக்கச் செய்ய ஒன்றரை வருடம் ஆனது. இதே வேலையில் இறங்கப்போகும் ஆசிரியர்களுக்கு உதவட்டும் என்று எழுதுகிறேன்.

எட்டாம் வகுப்பில் சொல்வதெழுதுதல் வைத்தேன். 'கொக்கு' என்றேன். அவன் முதலில் 'க' போட்டான், பக்கத்தில் துணைக்கால் போட்டான். பிறகு பேனாவைத் தூக்கிக்கொண்டு 'க'வுக்கு முன்னால் பார்த்தான். ஒற்றைக்கொம்பு அங்கேதான் வர வேண்டும். சிவப்புக் கோட்டை ஒட்டி எழுதியிருந்ததால் இடமில்லை. கோட்டைத் தாண்டி அந்தப் பக்கம் போட்டான். 'தேங்காய்' என்றபோதும் அதேதான். காதில் முதலில் விழுவது 'த்'. கையில் முதலில் வர வேண்டியது கொம்பு. மற்ற பிள்ளைகள் சின்ன வகுப்பிலேயே இதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். அவன் பதின்மூன்று வயதிலும் ஒவ்வொரு தடவையும் நின்று யோசித்தான்.

அன்று எனக்கு இது புரியவில்லை. பத்து முறை எழுதி வா என்று இம்போசிஷன் கொடுத்தேன். பத்தையும் பத்து விதமாக எழுதி வந்தான். அதை நினைத்தால் இன்றும் மனசு கஷ்டப்படுகிறது.

ஒன்பதாம் வகுப்பு தொடங்கிய ஜூனில், மேட்டூர் திறந்து தண்ணீர் எப்போது ஊருக்கு வரும் என்று பிள்ளைகள் பேசிக்கொண்டிருந்தார்கள். அவன் தாத்தா, ஆறு பிரியும் தலைப்பில் மதகுகளைப் பார்த்துக்கொள்ளும் லஸ்கராக இருந்தவர். "முக்கொம்புல ரெண்டா பிரியும் டீச்சர். கல்லணையில காவேரி, வெண்ணாறு, புது ஆறு, கொள்ளிடம்னு நாலு. தென்பெரம்பூர்ல வெட்டாறு தனியா போயிரும். நம்ம மூணாறு தலைப்புல கோரையாறும் பாமணியாறும் பிரியும்" என்று மூச்சு விடாமல் சொன்னான். இவ்வளவு தெரிந்தவன் பரீட்சையில் ஏன் வெள்ளைத் தாளைக் கொடுக்கிறான் என்ற கேள்வி அன்றைக்குத்தான் எனக்கு வந்தது.

வட்டார வள மையத்துச் சிறப்புப் பயிற்றுநரிடம் சொன்னேன். அவர் முதலில் கண்ணையும் காதையும் பார்க்கச் சொன்னார். இரண்டிலும் குறையில்லை. அடுத்து அம்மாவிடம் பேச வேண்டும். நான் பயந்தது அதற்குத்தான். "எம்புள்ளைக்குக் கை கால் நல்லாத்தானே இருக்கு, மாற்றுத்திறனாளின்னு எழுதிக் கொடுக்கச் சொல்றீங்களே டீச்சர்" என்று அழுதுவிட்டார். 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் உள்ள 21 வகைகளில் கற்றல் குறைபாடும் ஒன்று, அறிவுக் குறைவு வேறு, இது வேறு என்று இரண்டு மூன்று தடவை வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். தாத்தாதான் கடைசியில், "டீச்சர் சொல்றதக் கேளு" என்றார்.

ஆஸ்பத்திரிக்கு மூன்று தடவை அலைந்தோம். முதல் தடவை உளவியலாளர் விடுப்பு. இரண்டாவது தடவை, "படிக்காத பையன், ட்யூஷன் வைங்க" என்று ஒருவர் திருப்பி அனுப்பினார். சம்பா நடவு நேரம். ஒவ்வொரு தடவையும் அந்த அம்மாவுக்கு ஒரு நாள் கூலி போனது. மூன்றாவது தடவை நானும் லீவு போட்டுக்கொண்டு கூடப் போனேன். கையில் அவனுடைய மூன்று வருடத்து நோட்டுகள், விடைத்தாள்கள், வாயால் கேட்டு நான் போட்ட மதிப்பெண் ஒரு பக்கமும் எழுத்துத் தேர்வு மதிப்பெண் மறுபக்கமுமாக ஒரு தாள். அந்தத் தாளைத்தான் மருத்துவர் நெடுநேரம் பார்த்தார். முதலில் நுண்ணறிவுச் சோதனை, பிறகு வாசிப்பு, எழுத்து, கணக்கைப் பார்க்கும் நிம்ஹான்ஸ் சோதனை, அதன்பின் சான்று. போகிறவர்கள் நோட்டுகளை மறக்காமல் எடுத்துப் போங்கள்.

சான்று வரும்வரை வகுப்பறை காத்திருக்கவில்லை. சத்தமாக வாசிக்கச் சொல்லி அவனை எழுப்புவதை நிறுத்தினேன். பழைய நோட்டு அட்டையில் ஒரு வரி மட்டும் தெரியும்படி ஜன்னல் வெட்டிக் கொடுத்தேன். கரும்பலகையைப் பார்த்து எழுதுவதற்குப் பதில் குறிப்பை நகலெடுத்துக் கொடுத்தோம். கணக்கு ஆசிரியர் வினாவை வாசித்துக் காட்டத் தொடங்கினார். அந்தப் பாடத்தில்தான் மதிப்பெண் முதலில் ஏறியது.

பத்தாம் வகுப்பில் தலைமையாசிரியர் வழியாக விண்ணப்பித்து மூன்று சலுகைகள் கிடைத்தன: சொல்வதை எழுதுபவர், கூடுதலாக ஒரு மணி நேரம், ஒரு மொழிப்பாடத்துக்கு விலக்கு. ஆங்கிலத்துக்கு விலக்கு கேட்டோம். "தமிழ எழுதிருவேன் டீச்சர்" என்று சொன்னது அவன்தான்.

இனிக் கவலையில்லை என்று நினைத்தேன். அரையாண்டுத் தேர்வில் அவன் சொல்வதை எழுத ஓர் ஆசிரியையை உட்கார வைத்துப் பார்த்தபோது அடுத்த சிக்கல் தெரிந்தது. அவன் பேசுவது போலவே சொன்னான். "தண்ணி தொறந்து உட்டா கடமடைக்கு வர நாளாவும்." அந்த ஆசிரியை, "இத எப்படிப்பா எழுதறது?" என்றார். அவன் வாயை மூடிக்கொண்டான். மற்ற பிள்ளைகளுக்குப் பேச்சுத் தமிழ் ஏட்டுத் தமிழாக மாறுவது எழுதும் கையில். இவனுக்கு அது வாயிலேயே நடக்க வேண்டும். வாசித்தே பழகாதவனுக்கு அந்த நடை எங்கிருந்து வரும்?

தை பிறந்ததிலிருந்து தினமும் மாலை அரை மணி நேரம் இதைத்தான் செய்தோம். நான் ஒரு விடையை வாசிப்பேன், அவன் காதால் வாங்கிச் சொல்வான். 'நீர் திறந்துவிடப்பட்டால் கடைமடைப் பகுதியை அடையப் பல நாட்கள் ஆகும்.' முற்றுப்புள்ளி எங்கே, அடுத்த பத்தி எங்கே என்பதையும் அவனே சொல்ல வேண்டும். எழுதியதைத் திரும்ப வாசிக்கச் சொல்லிக் கேட்கவும் பழக்கினேன். அதற்கு அவனுக்கு ரொம்பக் கூச்சம். முன்பின் தெரியாத ஆசிரியரிடம், "இன்னொரு தடவ வாசிங்க சார்" என்று கேட்டாக வேண்டுமே! எங்கள் பள்ளியில் ஆளை மாற்றி மாற்றி உட்கார வைத்தேன். குறளும் மனப்பாடச் செய்யுளும் மட்டும் பிரச்சினையே இல்லை. காதால் கேட்டதை அவன் மறப்பதில்லை.

தேர்வன்று மற்றவர்கள் 1.15க்கு வெளியே வந்தார்கள். தனி அறையிலிருந்து அவன் 2.15க்கு வந்தான். வாசலில் அம்மா தூக்குவாளியோடு நின்றார். "ரெண்டு தடவ வாசிக்கச் சொன்னேன் டீச்சர், சார் வாசிச்சார்" என்றான்.

தேர்ச்சி பெற்று இப்போது ஐடிஐயில் ஃபிட்டர் படிக்கிறான். 18 வயதில் மறுமதிப்பீடு இருக்கும் என்று சொல்லியிருக்கிறார்கள். சான்று, நகல்கள், வாய்மொழி மதிப்பெண்ணும் எழுத்து மதிப்பெண்ணும் இருந்த அந்தத் தாள் எல்லாம் இருந்த ஃபைலை அவனிடமே கொடுத்துவிட்டேன். அடுத்த முறை ஆஸ்பத்திரியில் அவனே பேசுவதாகச் சொல்லியிருக்கிறான்.